கீறிட்ட இடம்

"சேர், உங்கட நாய்…"

அவள் என்னோடு பேசிய முதற் பேச்சு இதுதான். திருகோணமலையில், உட்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கையில் என் வீடு. ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முன் விறாந்தையில் கதிரைகளைப் போட்டு, வெளிநாட்டுக்குப் பட்டப்படிப்புக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். கிண்ணியாப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து, வாசலில் நின்று, நாயைக் காட்டி அவள் அப்படிச் சொன்னாள்.

முஸ்லிம் பிள்ளை, நாய் என்றால் விலகித்தான் நிற்பாள் என்று நினைத்தேன். "கட்டித்தான் கிடக்கு, கடியாது. உள்ள வா பிள்ளை" என்றேன். வந்து இருந்தாள். வகுப்பு முடிந்து எல்லோரும் வெளியே போனபோது படியில் அவளுடைய செருப்பு ஒன்றுதான் கிடந்தது. மற்றதை நாய் சங்கிலி எட்டும் தூரத்துக்கு இழுத்துக்கொண்டுபோய் வார் வாராகக் கிழித்து வைத்திருந்தது. செருப்பை நாய் இழுக்கிறது என்பதைத்தான் அவள் சொல்ல வந்திருக்கிறாள்.

"அதை முழுசாச் சொல்லியிருக்கலாம்தானே?"

"சொன்னனான்தானே சேர்" என்றாள், என்னை ஆச்சரியமாகப் பார்த்து. சொல்லிவிட்டதாகவே அவள் நம்பினாள்.

என் மனைவியின் செருப்பை மாட்டிக்கொண்டு, அது பெரிதாக இருந்ததால் தரையோடு இழுத்து இழுத்து நடந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

அவள் பெயரை இங்கே போடவில்லை. ஒரு தடவை பெரிய எழுத்தில் போட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வாக்கியத்தின் பாதியைச் சொல்வாள், மீதியை எதிரில் இருப்பவரிடம் விட்டுவிடுவாள். அதை வெட்கம் என்று எண்ண வேண்டாம். பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை பிடிப்பாள், வகுப்பில் எல்லோரையும்விட உரத்துச் சிரிப்பாள். அவர்கள் ஊர் விருந்துகளில் சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பார்கள். ஒவ்வொருவரும் தன் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுப்பார். அவள் பேச்சையும் அப்படித்தான் நடுவில் வைத்தாள். தன் பக்கத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் பக்கத்தை உங்களுக்கு விட்டாள்.

ஒருநாள் தகப்பன் அவளைக் கூட்டிப்போக வந்தார். சொந்தமாக ஒரு சின்ன லொறி வைத்துச் செங்கல்லும் விறகும் ஏற்றுகிறவர். நான் முறையிட்டேன்.

"அவ அப்பிடித்தான் சேர்" என்றார். "வீட்டில 'உம்மா, தண்ணி' எண்டா, குடிக்கவா கை கழுவவா எண்டு தாய்க்கு விளங்கும். கடைக்காரனுக்கு விளங்கும். உங்களுக்குத்தான் விளங்கல்ல. நீங்க இங்கிலிசு படிச்ச ஆள்தானே."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சில மாதங்களில் எனக்கும் விளங்கத் தொடங்கியது. "சேர், நாளைக்கு…" என்பாள். "வரமாட்டாய். மாமி வீட்டில கலியாணம்" என்பேன். "ஓம் சேர்." "சேர், அந்தக் கட்டுரை…" "இன்னும் எழுதேல்லை." "ஓம் சேர்." ஒரு தடவைகூட நான் பிழைவிடவில்லை. வகுப்புப் பிள்ளைகள் அவளுக்குக் 'கீறிட்ட இடம்' என்று பட்டம் வைத்தார்கள். அவள் வாய் திறந்தால் பின்வரிசையிலிருந்து ஒருவன், "கீறிட்ட இடத்தை நிரப்புக, சேர்!" என்று கத்துவான். நான் நிரப்புவேன். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. அவளுடைய தாய்க்கு அடுத்தபடியாக அவள் சொல்லாததைக் கேட்கத் தெரிந்தவன் நான் என்று நினைத்தேன். அது உண்மையும்தான். அதனால்தான் இதை எழுதக் கை கூசுகிறது.

இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்துப் பல்கலைக்கழகம் அவளை நேர்முகத்துக்கு அழைத்தது. என் விறாந்தையில், என் கணினிக்கு முன்னால் இருந்தாள். திரையில் ஒரு பெண்மணி, ஏன் குடிசார் பொறியியல் படிக்க விரும்புகிறாய் என்று கேட்டார். நாங்கள் பத்து வரியில் ஒரு பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். அவள் அதையெல்லாம் விட்டுவிட்டு, ஆங்கிலத்தில், "எங்கட ஊரில ஒரு பாலம்…" என்று சொல்லி நிறுத்திவிட்டாள்.

அவள் ஊர் குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டி முடியாமல் கிடந்தபோது படகு கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்த ஊர். அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு அந்த வாக்கியம் அதோடு முடிந்தது. திரையிலிருந்த பெண்மணிக்குத் தெரியாது. காத்திருந்தார். நான் கணினிக்குப் பின்னால் நின்று, பேசு, பேசு என்று கையை ஆட்டினேன். கடைசியில் அவரே மெதுவாக, "நீயே அதைக் கட்ட வேண்டும் என்கிறாய்" என்றார். அவள் மலர்ந்து சிரித்துத் தலையாட்டினாள். இடம் கிடைத்தது. கட்டணத்திலும் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள்.

"நீ பாதி பேசினாய். மற்றப் பாதியை அந்த மனிசி பேசி, உன்னைப் பாசாக்கிப்போட்டுது" என்றேன். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த வாரம் பஸ் நிலையத்துக்கு முன்னால் ஒரு பதாகை கட்டினேன். அவளுடைய படம், அவளுடைய பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, என் பெயர். அதே படத்தைச் சட்டம் போட்டு விறாந்தைச் சுவரிலும் மாட்டினேன். மறுநாள் அவள் வந்தாள்.

"சேர், என்ட படம்…"

தாய்க்குப் பிடிக்கவில்லை, சொந்தக்காரர் கதைக்கிறார்கள், கழற்றிவிடுங்கள் என்பதுதான் மீதி. அவள் முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்தது.

"வடிவா வந்திருக்குப் பிள்ளை" என்றேன்.

"ஓம் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாய் விஷயத்தில் நான் அறியாமல் பிழைவிட்டேன். இது அப்படியில்லை. அந்த ஒரு மாதத்தில் வகுப்புக்குப் புதிதாக இரண்டு வரிசைக் கதிரை போட வேண்டியிருந்தது.

தகப்பனுக்கு அவளை அனுப்ப மனமில்லை. "பொம்புளப் புள்ள, தனிய, கண் காணாத இடம்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். என் விறாந்தையில் வைத்து, என் மனைவி போட்ட தேநீரைக் குடித்தபடி நானும் அவரும் பேசினோம்.

"நான் பொறுப்பு" என்றேன். "அவவுக்கு ஒண்டெண்டால் எனக்கு ஒரு கோல் எடுத்தாக் காணும். நான் பாத்துக்கொள்ளுவன்."

அவர் மகளைப் பார்த்தார். "கேட்டியா மகள்? அங்க என்ன நடந்தாலும் முதல்ல சேரிட்டச் சொல்லு. உம்மாட்டச் சொல்லி அவவ அழ வைக்காத. சேர் என்ன சொல்றாரோ அதச் செய்."

லொறியை விற்றுத்தான் அனுப்பினார்.

போன புதிதில் அடிக்கடி கோல் எடுப்பாள். அவள் சொன்னதெல்லாம் ஒன்றையேதான் சுற்றிவந்தது. அங்கே ஒருவரும் மீதியைச் சொல்வதில்லை. "கடையில போய் 'பால்…' எண்டன் சேர். அந்தாள் என்ட வாயையே பாத்துக்கொண்டு நிக்கிறார். எனக்குப் பின்னால வரிசை." விரிவுரை முடிந்து சந்தேகம் உண்டா என்று கேட்ட விரிவுரையாளரிடம், "சேர், அந்த ரெண்டாவது…" என்றாளாம். அவர் "நல்லது" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். அவர் நடந்ததுபோல அவள் அறைக்குள் நடந்து காட்டினாள். தொலைபேசியின் சின்னத் திரையில் பார்த்து நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"அங்க முழுசாத்தான் பேச வேணும் பிள்ளை."

"பேசுறன் சேர். முழுசாப் பேசினா என்ட குரல் மாதிரியே இல்ல."

இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் ஒரு பின்னேரம். விறாந்தையில் ஒரு தாயும் தகப்பனும் தங்கள் மகனோடு வந்திருந்தார்கள், என்னிடம் சேர்ப்பதற்காக. சுவரிலிருந்த அவளுடைய படத்தைக் காட்டி நான் பேசிக்கொண்டிருந்தபோதே அவளுடைய அழைப்பு வந்தது. எனக்கு அது வாய்ப்பாகப் பட்டது. "அவதான் எடுக்கிறா" என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

"சேர், எனக்கு ஏலாமப் போச்சு…"

எங்கள் மாவட்டத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். முடியவில்லை என்பது ஒன்று. நோயில் விழுந்துவிட்டேன் என்பது மற்றது. எதைச் சொல்கிறார்கள் என்பதைக் குரலில்தான் அறிவோம். இங்கே பிறந்த எவரும் அதில் தடுமாறுவதில்லை. அவள் குரல் மெலிந்திருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் மூச்சு வாங்கியது. எனக்குக் கேட்டது.

"கால் ரெண்டும் சேர்…"

வீங்கியிருக்கிறது. அதையும் நிரப்பத் தெரிந்தவன்தான் நான்.

எதிரில் அந்தத் தாயும் தகப்பனும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நோய் என்றால் அவள் திரும்பி வர நேரலாம். திரும்பி வந்தால் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டும். இவ்வளவும் அந்தச் சில நொடிகளில் என் மனதில் ஓடியது. பொய்யில்லை, இவ்வளவு தெளிவாகத்தான் ஓடியது.

"ஏலாதெண்டு ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "எல்லாம் ஏலும். குளிர் நாட்டில கால் கை உளையிறது எல்லாருக்கும் வாறதுதான். படிப்புப் பாரமா இருக்கேக்க மனம் இப்பிடித்தான் சாட்டுத் தேடும். வாப்பா லொறியை வித்தது ஞாபகம் இருக்கட்டும். அங்கயே இரு. முடிச்சிட்டு வா."

"ஓம் சேர்" என்றாள்.

தொலைபேசியை வைத்தேன். "இப்பிடி ஒரு ஆள் பின்னால நிண்டாத்தான் பிள்ளையள் படிக்குங்கள்" என்றார் அந்தத் தகப்பன். மகனை அன்றைக்கே சேர்த்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு மனைவி கோப்பைகளை எடுக்க வந்தாள். "இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளையா எடுத்தது? என்னவாம்?"

"படிப்புக் கஷ்டமாம்."

"ஏலாமப் போச்செண்டு சொன்ன மாதிரியெல்லோ கேட்டுது. வருத்தமோ தெரியாது. திருப்பி எடுத்து, டொக்டரிட்டப் போகச் சொல்லுங்கோ."

"நாளைக்கு எடுக்கிறன்" என்றேன்.

எடுக்கவில்லை. நாளாக நாளாக எடுப்பது கடினமாகியது. பிறகு அவள்தான் எப்போதாவது எடுத்தாள். "எல்லாம் சரிதானே?" என்று கேட்பேன். பாதிப் பேச்சுக்கு இடமில்லாத கேள்வி அது. "ஓம் சேர்" என்பாள். அழைப்புகள் குறுகிக்கொண்டே போயின.

கடைசி வருடம், நூலகப் படியில் மயங்கி விழுந்தாள். இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகியிருந்தன. கால் வீங்கத் தொடங்கியபோதே வந்திருந்தால் பெரும்பாலும் காப்பாற்றியிருக்கலாம் என்று அங்குள்ள வைத்தியர்கள் சொன்னார்களாம். போகாமல் இருந்தது ஏன் என்று பின்னொரு நாள் என் மனைவி அவளிடம் கேட்டாள். "உடம்புக்கு வருத்தமில்ல, மனசுதான் எண்டு நினைச்சன் அன்ரி" என்று மட்டும் சொன்னாள். மனசுதான் என்று அவளுக்கு யார் சொன்னது என்பதை அவள் சொல்லவில்லை. என் மனைவியும் கேட்கவில்லை.

சிகிச்சைக்கு நடுவில் மிச்சப் பரீட்சைகளை எழுதினாள். சித்தியடைந்தாள். விசா முடிந்தது. பட்டத்தோடு வந்து இறங்கினாள்.

இதற்குப் பிறகாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பாராட்டு விழா வைத்தேன். ஒரு மண்டபம் எடுத்து, கிண்ணியா, மூதூரிலிருந்தெல்லாம் பெற்றோரை அழைத்து, அவளை மேடையில் இருத்தினேன். முகம் வீங்கியிருந்தது. முன்வரிசையில் யாரோ, "வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துப்போச்சுப்போல, நல்லாக் கொழுத்து வந்திருக்கா" என்றார்கள். அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். மாலை போட்ட பிறகு ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தோம்.

"சேர் இல்லாட்டி நான்…"

நிறுத்தினாள். மண்டபம் முழுவதும் அந்த இடத்தை நிரப்பியது. கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. பக்கத்துக் கதிரைக்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். நான் அவளைப் பார்க்காமல் ஒலிவாங்கியின் வயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி மட்டும் கைகளை மடியில் வைத்திருந்தாள்.

அவள் எதை நினைத்து அங்கே நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. நன்றியாகவும் இருக்கலாம். அவள் குணத்துக்கு அது நன்றியாகவே இருந்திருக்கலாம்.

கேட்டு அறிய எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. நகர ஆசுப்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க அவள் வாராவாரம் வருவாள். ஒருநாள் பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களத் தாதி, தமிழ் பாதியும் தெரியாத பிள்ளை. அவள் "மிஸ், போர்வை…" என்றவுடன் தாதி காலை மூடிவிட்டாள். "மிஸ், அந்த லைட்…" என்றவுடன் அணைத்தாள். அவளுக்கு மறுபடியும் தன் குரல் கிடைத்துவிட்டதுபோல இருந்தது. என்னைக் கண்டதும் எழும்பி இருக்கப் பார்த்தாள்.

"சேர், அண்டைக்கு…"

"அதெல்லாம் இப்ப யோசிக்காத பிள்ளை" என்று அவசரமாகச் சொன்னேன். "நல்லா ஓய்வெடு."

அவள் மறுபடி தலையணையில் சாய்ந்தாள். "ஓம் சேர்."

பிறகு நான் போகவில்லை. போன வருடம் காலமானாள்.

சில வாரங்கள் கழித்துத் தகப்பன் வந்தார். இப்போது வேறொருவருடைய லொறியை ஓட்டுகிறார். அதை ஒழுங்கை முனையில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கதிரையின் விளிம்பில் இருந்தார். தேநீர் வேண்டாம் என்றார்.

"சேர், ஒண்டு கேக்கணும். மனசில கிடந்து அரிக்குது."

"கேளுங்கோ."

"மௌத்தாகிறதுக்குக் கொஞ்சம் முந்தி இங்கத்த டொக்டர் கேட்டவர், அங்க இருக்கக்குள்ள ஆரிட்டயும் சொல்லல்லயா எண்டு. 'சேரிட்டச் சொன்னனான்' எண்டா. பிறகு ஒண்டும் பேசல்ல. நீங்க அப்ப அவவ டொக்டரிட்ட…"

நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மகளுக்கு அந்தப் பாதிப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"போகச் சொன்னனான்" என்றேன்.

அவர் நெடுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். "அப்ப அவதான் கேக்கல்ல" என்றார். "சின்னதில இருந்தே அப்பிடித்தான் சேர். சொல்வழி கேக்காத புள்ள. தன்ட உயிரத் தானே…" கண்ணைத் துடைத்தார். "நான் உங்களப் பிழையா நினைச்சிட்டன். பொறுத்துக்கொள்ளுங்க."

என் இரண்டு கைகளையும் பிடித்தார். நான் பிடிக்கக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு குசினி வாசலில் நின்ற மனைவி, "இனி அந்த மனிசனுக்கு ஆர் சொல்லுறது?" என்றாள். அதற்குப் பிறகு இதைப் பற்றி என்னோடு அவள் பேசியதேயில்லை.

நான் ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவன். பாவ அறிக்கை செபத்தை மனப்பாடமாகச் சொல்கிறவன். அதில் இதற்கு இடமில்லை. கடவுளிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. சொல்ல வேண்டிய ஆள் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். தன் மகள் சொல்வழி கேட்காமல் செத்துப்போனாள் என்று வருகிறவர் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கிண்ணியாவிலிருந்து வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் சொல்லிக் கேள்விப்படுகிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவர், பிள்ளையின் மேல் கோபத்தோடு இருக்கிறார். நான் கொடுத்த கோபம் அது.

இரண்டு தடவை பஸ் ஏறி, இரண்டு தடவையும் கிண்ணியாவில் இறங்கித் திரும்பி வந்தேன். இது அச்சில் வருவதற்கு முன் போய்விட வேண்டும் என்று இருக்கிறேன். என்னை நான் நம்பவில்லை. அதனால் எழுதுகிறேன். அவர் வாசிக்கிறவர் அல்ல. குறிஞ்சாக்கேணியில் இதை வாசிக்கிற யாராவது, அவர் இன்னார் என்று உங்களுக்குத் தெரியும், போய்ப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுங்கள்.

ஐயா, உங்கள் மகளை வைத்தியரிடம் போகும்படி நான் சொல்லவில்லை. அங்கேயே இரு என்று சொன்னேன். அவள் சொல்வழி கேட்டாள்.